இடமிருந்து வலமாக ஐந்து பேர்

என் பிரியமான நைனாவுக்கு,

நேற்று பொன்னேரி கோர்ட்டில் உன் கையெழுத்தை என்னிடம் காட்டினார்கள். இது உன் அப்பா எழுதியதுதானா என்று கேட்டார்கள்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அங்கே போய்ச் சேர முடியவில்லை. உடம்பெல்லாம் அசதி. பேருந்தில் வந்து, கால் கழுவி, அம்மா போட்ட சோற்றைத் தின்று, படுத்து, எழுந்து, இன்னும் அதே அசதி. நீ ராணுவத்திலிருந்து விடுப்பில் வரும்போது முதல் இரண்டு நாள் இப்படித்தான் சுவரைப் பார்த்தபடி கிடப்பாய். சும்மா கிடக்கிற ஆளுக்கு எப்படி இவ்வளவு களைப்பு வருகிறது என்று அப்போது நினைத்திருக்கிறேன்.

முதலில் ஊர் நிலவரம். ஏரியில் தண்ணீர் குறைவு. முகத்துவாரத்தை மறுபடி மணல் மூடிக்கொண்டு வருகிறது. தம்பி குமரனுக்கு மகள் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. உன் மூக்கு. தம்பி இன்னும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குத்தான் கூலிக்குப் போகிறான். அவனுடைய மஞ்சள் தலைக்கவசம் வாசல் ஆணியில் தொங்குகிறது. பாப்பா அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்.

அடுத்த வாரம் பாடு சீட்டு.

உனக்குத் தெரிந்ததுதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் மீன் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம். அங்கே எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடிச் சீட்டு எடுக்கும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அப்படி வருகிற முறைக்குப் பெயர் பாடு. சீட்டில் பேர் இல்லாவிட்டாலும் ஏரி இருக்கும், நீயும் இருப்பாய், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது.

குமரனின் பேர் சீட்டில் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இல்லை. காரணம் நீ.

கோபமாக எழுதுகிறேனா? தெரியவில்லை. கோபத்துக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

*

நீ எடுத்த போர்ப் படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. இருபது வருடம் ராணுவத்தில் கேமரா பிடித்த ஆள். படங்கள் எல்லாம் சர்க்காருடையவை. கோப்பில் போய்விட்டன. உனக்கு மிஞ்சியது காக்கி அட்டை போட்ட ஒரு நோட்டு. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மூன்று வரிகள். வரிசை எண், நாள், இடம், கேமரா பார்த்த திசை. பிறகு, இடமிருந்து வலமாக, நிற்கிறவர்களின் பேர். ராணுவத்துக்கு அவர்கள் பாஷையில் எழுதிக் கொடுத்துவிட்டு உனக்காகத் தமிழில் ஒருமுறை எழுதி வைத்திருக்கிறாய்.

உன் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்தவை துண்டு துண்டாகத்தான். பனியில் ஃபிலிம் அப்பளம் மாதிரி ஒடியும், அதனால் மெல்லத்தான் சுற்ற வேண்டும். பேட்டரியை அக்குளில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். கேமராவைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் லென்சுக்கு வியர்க்கும், அதனால் அது வெளியே, நீ உள்ளே. உன் தோளிலும் துப்பாக்கி உண்டு. ஆனால் சண்டை தொடங்கினால் உன் இரண்டு கையும் கேமராவில் இருக்கும். உன்னைக் காப்பதற்காகவே ஒருவன் பக்கத்தில் நிற்பான்.

“என்னப் பாத்துக்கினு இருந்து ஒருத்தன் கெட்டான்” என்று ஒருமுறை சொன்னாய். கெட்டான் என்றால் செத்துவிட்டானா என்று கேட்டேன். நீ எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தாய். அவன் பேர் அந்த நோட்டில் எங்கே இருக்கிறது? எந்தப் படத்தில், இடமிருந்து எத்தனையாவது ஆள்?

இன்னொன்றை மட்டும் முழுதாகச் சொன்னாய். எளாவூர் போகும் பேருந்தில், ஜன்னலைப் பார்த்தபடி. வேலைக்குப் புதிதாக வந்திருந்தாய். அந்தப் படைப்பிரிவுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்த இரண்டு பையன்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம். அவசரத்தில் நெகடிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டுவிட்டாய். இடம் வலமானது, வலம் இடமானது. பேர்களைப் பிறகு, அவர்கள் நின்ற வரிசையை நினைவில் வைத்தே எழுதினாய். மறுநாள் ஒருவன் செத்தான். அங்கே யாருக்கும் இருவருடைய முகமும் பழகவில்லை. உன் படத்தை வைத்துத்தான் பேரைப் பார்த்தார்கள். செய்தி வேறு வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் திருத்தினார்கள்.

“அந்த ரெண்டு நாளு ஒரு அம்மா அழுதுச்சு பாரு, அது என்னாலதான்” என்றாய்.

அதற்குப் பிறகு நீ ஒரு படத்தையும் பேர் எழுதாமல் கையிலிருந்து விட்டதில்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்து கல்யாணம், காதுகுத்து என்று எடுத்தபோதும் அதே பழக்கம். மணமேடைப் படத்தின் பின்னாலும் இடமிருந்து வலமாகப் பேர், கேமரா பார்த்த திசை கிழக்கு. யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டாய். ஊரில் சிரித்தார்கள். பூபாலன் அண்ணன் எல்லோர் முன்னாலும் சொல்வார்: “எங்கல்யாணத்துல யார்னா செத்தா அடையாளம் காட்றதுக்கு உஷாரா எழுதி வெச்சிக்கினாரு மாமா.” நீயும் சிரித்தாய். 

*

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் காலை.

நம் ஊர்ப் பாடு இடத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து வலை கட்டுகிறார்கள் என்று ஒரு மாதமாகப் பேச்சு. புகார் கொடுத்தால் சாட்சி எங்கே என்கிறார்கள். ஊர்த் தலைவர் உன்னைக் கூப்பிட்டார். நம் இடத்தில் அவர்கள் படகு நிற்கிற மாதிரி ஒரு படம் போதும் என்றார். நீ தனிப் படகில் கூடப் போனாய். வார்த்தை முற்றியது. படகுகள் உரசின. நம் படகில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். மூன்றாவது ஆளின் கையில் படகு தள்ளுகிற கழி தலைக்கு மேலே எழுந்திருந்தது. அந்த மூன்றாவது ஆள் உன் கூடப்பிறந்தவர், தேசப்பன் சித்தப்பா. எல்லாம் ஓய்ந்தபோது எதிர்ப் படகில் மாசிலாமணி என்பவருக்கு ஒரு கண் போயிருந்தது.

யார் கை, எந்தக் கழி? ஆறு வருடமாக ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீ எங்களிடம் எதுவும் சொன்னதில்லை.

நீ படத்தைப் பிரிண்ட் போட்டாய். பின்பக்கம் எழுதினாய். பிறகுதான் தலைவர் கையில் கொடுத்தாய்.

அவர் முன்பக்கத்தை மட்டும் பார்த்தார். அவருக்கு வேண்டியது, நம் இடத்தில் அவர்கள் படகு, அதில் இருந்தது. அப்படியே கொண்டுபோய்ப் போலீசிடம் கொடுத்தார். மூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள். நம் ஊரில் அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. ஆனாலும் ஐந்து பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். படகில் நின்ற அதே வரிசையில்.

அதன் பிறகு ஊரில் பேச்சு வளர்ந்தது. யார் யார் அடித்தார்கள் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றார்கள். சொந்தத் தம்பியைக் காட்டிக் கொடுத்தவன் என்றார்கள். சீட்டிலிருந்து உன் பேரை எடுத்தார்கள். கல்யாணங்களுக்குப் படம் எடுக்க எளாவூரிலிருந்து வேறு ஆள் வந்தான்.

நான் சென்னையில் விடுதியில் இருந்தேன். போன் செய்தேன்.

“உனக்கு எதையாச்சும் எழுதாம இருக்கத் தெரியாதா நைனா?”



“தெரியலம்மா.”

நான் போனை வைத்துவிட்டேன். அந்த வருடம்தான் பல்கலைக்கழகத்தில் புகைப்படத்தைப் பற்றி அறுபது பக்கம் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். பார்ப்பவர், பார்க்கப்படுபவர், அதிகாரம், நினைவு. எல்லாம் இருந்தது. படத்தின் பின்பக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஊர் சொன்னதை நானும் நம்பினேன் நைனா. யார் அடித்தது என்று நீ எழுதியிருப்பாய் என்றே நம்பினேன். ஒருமுறைகூட உன்னிடம், என்னதான் எழுதினாய் என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ஒரு கிடங்கில் காவலுக்குப் போனாய். உள்ளே வரும் லாரியின் எண், வெளியே போகும் லாரியின் எண். அங்கேயும் எழுதினாய். போன மாசியில் உனக்கு மூச்சு நின்றது. சித்தப்பா வந்தார். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தூரத்தில் நின்றார். தோள் கொடுக்கவில்லை. ஆனால் சுடுகாட்டிலிருந்து எல்லோரும் கிளம்பும்வரை அவர் கிளம்பவில்லை.

*

உன் மரணச் சான்றிதழைக் கோர்ட்டில் கொடுத்தவள் நான். அதனால் சம்மன் என் பேருக்கு வந்தது. படம் எடுத்தவர் உயிரோடு இல்லை, அவர் எழுத்தை அறிந்தவர் வந்து சொல்லட்டும் என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உன் எழுத்து வேறு ஏதாவது வேண்டும் என்றார்கள். நோட்டை எடுத்துக்கொண்டேன்.

இதற்குள் ஊரும் பேசியது. யாரும் நேராகச் சொல்லவில்லை. தலைவர் வீட்டு அம்மா குமரனின் பாப்பாவைப் பார்க்கிற சாக்கில் வந்து தூக்கிக் கொஞ்சினார். இந்த வருடம் சீட்டில் புதுப் பேர்கள் சேர்க்கப் போகிறார்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, எழுத்தெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணு மாதிரிதானே இருக்கும் என்றார். குமரன் எழுந்து வெளியே போய்விட்டான்.

சாயங்காலம் திரும்பி வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “அக்கா, நீ இன்னா சொன்னாலும் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். ஆனா நைனா செத்துட்டாரு. நான் உயிரோட கீறேன்.”

அவன் கேட்டது தப்பா? இரண்டு பேருந்து மாறி, அடுத்தவன் கப்பலுக்குப் பெட்டி இறக்கிவிட்டு, நம் ஏரியைக் கடந்துதான் அவன் தினமும் வீட்டுக்கு வருகிறான். எனக்கு ஒரே ஒரு சொல். தெரியவில்லை என்றால் போதும். பொய்கூட இல்லை, அரைப் பொய். அந்த வாரம் முழுக்க அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டே இருந்தேன்.

நேற்று கோர்ட் வராந்தாவில் ஒரு பெஞ்சில்தான் இடம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இடது கண் மூடியிருந்தது. மாசிலாமணி. நான் எழப் பார்த்தேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். ஃபோட்டோக்காரர் மகளா என்று கேட்டார். தலையாட்டினேன்.

“உங்க நைனாதாம்மா என்னத் தூக்கினு வந்தாரு. மிசினத் தண்ணியில வுட்டுட்டு எறங்கினாரு. எடுத்துக்கோ நைனானு நான் சொல்றேன், அவரு கண்ண மூடிக்கோ கண்ண மூடிக்கோனு என்னையே திட்றாரு.”

கேமரா அன்றைக்குத் தண்ணீரில் விழுந்ததா? வெளியே எடுத்தபோது மெமரி கார்டில் படம் தப்பித்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நீ வைத்திருந்தது வேறு கேமரா என்பதை நான் கவனிக்கவே இல்லை. துப்பாக்கிச் சண்டையிலும் கேமராவிலிருந்து கையை எடுக்காத ஆள். நீ ஏன் இதைச் சொல்லவில்லை?

கூண்டில் ஏறினேன். படத்தைக் கொடுத்தார்கள். முன்பக்கம் நான் எதிர்பார்த்ததுதான். ஏரி, இரண்டு படகு, ஐந்து பேர், கழி. படம் திரும்பியிருக்க வாய்ப்பு உண்டா என்று ஒரு வக்கீல் கேட்டார். படகின் பதிவு எண் நேராகத்தான் இருக்கிறது என்று நீதிபதியே சொல்லிவிட்டார். பிறகு திருப்பச் சொன்னார்கள்.

ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

இது உங்கள் தகப்பனார் எழுத்தா?

தெரியவில்லை என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் நான் ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தேன். 

ஆமாம் என்றேன்.

சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். நாள். காலை ஏழு பத்து. கேமரா மேற்கு நோக்கி. இடமிருந்து வலமாக: பூபாலன், ஏழுமலை, தேசப்பன் என் தம்பி, கஜேந்திரன், முனுசாமி.

அவ்வளவுதான்.

யார் அடித்தது என்று இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. மேலே எழுந்த கழியைப் பற்றி? இல்லை. ஏன் எழுதவில்லை? அவர் எழுத மாட்டார் என்றேன். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். இருபது வருடப் போர். ஒருவரும் யாரையும் சுடவில்லை, ஒருவரும் விழவில்லை, ஓடவில்லை. எல்லோரும் பேரோடு நிற்கிறார்கள். நீ பார்த்ததைப் படம் சொல்லட்டும் என்று விட்டாயா, சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? அதை அவர்கள் கேட்கவில்லை.

நான் கேட்க நினைத்தது வேறு. அந்த நோட்டு முழுக்க உறவு என்று ஒரு சொல் இல்லை. பேர் மட்டும். இதில் மட்டும் ஏன் ‘என் தம்பி’ என்று எழுதினாய்? படிக்கிறவர்கள் உன்னைச் சந்தேகப்படட்டும் என்றா? அவரை விட்டுவிடச் சொல்லியா? எழுதுகிறபோது தயங்கினாயா? எழுத்தில் தயக்கம் இல்லை. நான் உற்றுப் பார்த்தேன்.

வழக்கை வேறு நாளுக்குத் தள்ளிவைத்தார்கள். இந்தப் பக்கமும் ஜெயிக்கவில்லை, அந்தப் பக்கமும் ஜெயிக்கவில்லை. மாசிலாமணி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

*

பேருந்து நிறுத்தத்தில் நம் ஊர் ஆட்கள் எனக்குப் பத்தடி தள்ளி நின்றார்கள். பூபாலன் அண்ணன் யாருக்கோ சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னார்: “அப்பன் எழுதிக் குடுத்தான், பொண்ணு படிச்சிக் குடுத்துச்சி. நல்ல குடும்பம்பா.” சிலர் சிரித்தார்கள். நான் பேருந்து வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குமரனிடம் என்ன சொல்வது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

சித்தப்பா அந்தக் கூட்டத்திலிருந்து விலகி வந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு என்னிடம் முதல் பேச்சு.

“அதுல எம்பேருக்கு அப்பறம் இன்னா போட்டுக்கீது?”

“என் தம்பினு.”

“திருப்பிச் சொல்லு.”

“தேசப்பன், என் தம்பி.”

அவர் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எங்கல்யாணத்துல கூட வெறும் தேசப்பன்னுதான் போட்டான்” என்றார்.

பேருந்து வந்தது. அவர் முன்பக்கம் ஏறினார், நான் பின்பக்கம்.

வீட்டுக்கு வந்து குமரனிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். சரி என்றான். தலைக்கவசத்தை எடுத்துத் துணியால் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்று காலை சித்தப்பா வந்தார். படி ஏறவில்லை. வாசலில் நின்றே காலண்டர் தாள் ஒன்றை நீட்டினார்.

“இதுல குமரன் பேர எழுது. எனக்கு எழுத வராது. சீட்டுல நான் கொண்டுபோயிப் போடறேன்.”

ஊரில் ஒத்துக்கொள்வார்களா என்று குமரன் உள்ளேயிருந்து கேட்டான்.

“ஒத்துக்கமாட்டானுங்க. சத்தம் போடுவானுங்க, பேஜார் பண்ணுவானுங்க. எம்பேர எடுத்துட்டு எங்கண்ணன் மவன் பேரப் போடுங்கடானு சொல்லுவேன். அப்பறம் இன்னா பண்ணுவானுங்க?”

எங்கண்ணன் என்று அவர் சொன்னதை அம்மா சமையலறையில் கேட்டாள். பாத்திரச் சத்தம் நின்றது.

நான் பேனா எடுத்தேன். தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. வெறும் குமரன் என்று எழுதுவதா, உன் மகன் என்று சேர்ப்பதா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. நம் வீட்டில் ஒரு பேர் எழுதுவது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

‘ஃபோட்டோக்காரர் மகன் குமரன்’ என்று எழுதினேன். சித்தப்பா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அது என்ன என்று படித்துக்காட்டச் சொல்லவில்லை.

நைனா, நான் இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறேன். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று தெரியாது. சீட்டு எடுக்கிற இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. நான் போய் நிற்பேன். அந்தத் தாளைக் கிழித்தால் அடுத்த வருடம் மறுபடி எழுதுவேன். அதற்கு அடுத்த வருடமும். என்ன எழுதினாய் என்று உன்னிடம் கேட்காமல் விட்டதற்கு என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

உன் மகள்,
தேசப்பனுக்கு அண்ணன் மகள்,
வளர்மதி